ஃபெரைட் கோரின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டோம்: 60 ஜோடிகளைக் காப்பாற்ற வழி உண்டா?

முதுநகர் காயில் பட்டறை

வணக்கம். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், வீட்டின் பின்கட்டில் சிறிய காயில் பட்டறை நடத்துகிறேன். நானும் இரண்டு பெண்களும் சேர்ந்து சுற்றுகிறோம். எட்டு ஆண்டுகளாக இதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இப்போது ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறேன். விவரமாகவே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

புதுச்சேரியில் பேட்டரி சார்ஜர் தயாரிக்கும் ஒருவருக்கு மின்மாற்றி சுற்றிக் கொடுக்கிறோம். கோர் ஈஈ42 அளவு, அதாவது ஈ வடிவப் பாதிகள் இரண்டு முகத்தோடு முகம் சேர்ந்த ஜோடி; 15 மில்லிமீட்டர் தடிமன், பிசி40 ரக ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான். முதன்மைச் சுற்று 40. அவருடைய சார்ஜர் வீட்டு மின்சாரத்தில், 50 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அரைப்பால அமைப்பு (இரண்டு சுவிட்சுகள் மாறி மாறி ஓட்டுவது). நாங்கள் பாபின் என்ற பிளாஸ்டிக் கூட்டில் கம்பியைச் சுற்றி, கோரை மாட்டி, எஃகுக் கிளிப் போட்டு அனுப்புவோம். வார்னிஷ் வேலையை அவரே பார்த்துக்கொள்வார். முதன்மைச் சுற்றின் இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை அது எதிர்க்கும் அளவு) 5 மில்லிஹென்றிக்குக் குறையக் கூடாது என்பது அவர் போட்டிருக்கும் விதி. எங்களுக்கு வழக்கமாக 6.3 வரும், அதனால் அந்த விதியைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

இந்த முறை 60 அனுப்பினேன். அறுபதும் திரும்பி வந்துவிட்டன. மீட்டர் வைத்துப் பார்த்தால் 3.6 முதல் 4 வரை காட்டுகிறது, பெரும்பாலானவை 3.8. இரண்டை அவர் சார்ஜரில் பொருத்தியும் பார்த்திருக்கிறார். சுமை இல்லாதபோது கிர்ரென்று இரைகிறது என்கிறார்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் பின்கட்டு ஓடு ஒழுகியது. கோரும் கிளிப்பும் ஒரே தட்டில் இருந்தன. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் கோரின் முகங்களில் பழுப்புக் கறை. கோர் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து, 400 எண் உப்புத்தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் பளபளவென்று வரும்வரை தேய்க்கச் சொன்னேன். தேய்த்த பெண்ணின் மீது தவறில்லை, சொன்னது நான்.

கடல் காற்றில் கோரின் காந்தத்தன்மை கெட்டுப்போய்விட்டதா, அல்லது தேய்த்ததால்தான் இப்படி ஆயிற்றா? கோர்களைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

நெல்லிக்குப்பம் ரிப்பேர்

அக்கா, கோரைக் குறை சொல்வதற்கு முன்னால் சுற்று எண்ணிக்கையை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்டக்டன்ஸ் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்றபடி மாறும். 40 சுற்றில் 6.3 வருகிறது என்றால் 31 சுற்றில் 3.8 வந்துவிடும். எண்ணும் கருவி நடுவில் நழுவியிருந்தால் 60-ம் ஒரே மாதிரிதான் தவறும். திரும்பி வந்த பாபினில் நல்ல கோர் ஒன்றை மாட்டி அளந்து பாருங்கள்.

முதுநகர் காயில் பட்டறை

நல்ல யோசனை தம்பி. தேய்க்காத ஒரு ஜோடி தனி டப்பாவில் இருந்தது. அதை அதே பாபினில் மாட்டினேன், 6.2 காட்டியது. சுற்றில் பிழையில்லை. கோர்தான்.

அரவைப் பிரிவு (ஓய்வு), முத்தியால்பேட்டை

அம்மா, முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் பயத்தை எடுத்துவிடுகிறேன். உங்கள் கோர் துருப்பிடிக்கவில்லை. அதற்குத் துருப்பிடிக்கவும் தெரியாது. இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு மூன்றையும் கலந்து, அழுத்தி, 1300 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் சூளையில் வேகவைத்த பொருள் அது. எரிந்து முடிந்த சாம்பல் மறுபடி எரியாது. நீங்கள் பார்த்த பழுப்பு முழுவதும் கிளிப்பிலிருந்து இறங்கியது. கடலூர்க் காற்று எஃகைத் தின்னும். ஃபெரைட்டை ஒன்றும் செய்யாது. அந்தக் கறையை ஈரத்துணியால் துடைத்து, நகத்தில் தட்டுப்படுகிற பொருக்கை மட்டும் எடுத்திருந்தால் போதும். நிறம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நிறத்துக்குத் தடிமன் கிடையாது. தடிமன்தான் இங்கே எல்லாம்.

நான் வெளிமாநிலத்தில் ஒரு ஃபெரைட் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி அரவைப் பிரிவில் கழிந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் 3.8 எங்கிருந்து வந்தது என்பது புரியும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அழுத்தி எடுத்த பச்சைக் கோர், சூளைக்குப் போய் வரும்போது ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 20 சதவீதம் சுருங்கிவிடும். குயவர் வீட்டுப் பானை சுருங்குவது போலத்தான். ஆனால் பானைக்கு வாய் சற்றுக் கோணினாலும் தண்ணீர் நிற்கும். ஈ வடிவக் கோருக்கு மூன்று கால்கள். சூளையிலிருந்து வரும்போது வெளிக்கால் ஒன்று விலகியிருக்கும், நடுக்கால் ஒரு நூல் உயர்ந்திருக்கும், அடிப்பாகம் வில் போல் வளைந்திருக்கும். வெந்தபின் ஃபெரைட்டை வளைக்க முடியாது, தட்ட முடியாது. வைரத்தூள் பதித்த சக்கரத்தில், தண்ணீர் கொட்டக் கொட்ட, மூன்று கால்களின் முகத்தையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓரங்களில் நிற்கும் பிசிரை அதற்கு முன்பே உருளையில் போட்டு உருட்டி நீக்கியிருப்போம். அரைத்தபின் கழுவுவதும் அரைப்பதற்குச் சமமான வேலை. கறுப்புச் சேறு முகத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அரைத்ததெல்லாம் வீண். எங்கள் பிரிவில் இரண்டு பாதிகளைச் சேர்த்துக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் ஓர் அம்மையார் இருந்தார். மீட்டருக்குப் போவதற்கு முன்பே அவர் ஒதுக்கிவைத்த ஜோடிகளை மீட்டரும் ஒதுக்கும்.

இப்போது உங்கள் கணக்கு. பிசி40 பொருளின் ஆரம்ப ஊடுருவுதிறன் 2300, அதாவது காற்றைவிட அத்தனை மடங்கு எளிதாகக் காந்தக் கோடுகளை விடும். உங்கள் கோரின் காந்தப் பாதை நீளம் 97 மில்லிமீட்டர், குறுக்குப் பரப்பு 178 சதுர மில்லிமீட்டர். இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை என்று வைத்துக்கொண்டால் 40 சுற்றில் ஏறக்குறைய 8.5 மில்லிஹென்றி வர வேண்டும். வராது. நன்றாக அரைத்த கோரிலும் பாதை முழுக்கக் கூட்டினால் சுமார் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) காற்று இருக்கும். அந்த 15 மைக்ரானே 8.5-ஐ 6.3 ஆக்கிவிடுகிறது. உங்கள் 3.8-க்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன்: 52 மைக்ரான். கூடுதலாக வந்தது 37. காந்தப் பாதை நடுக்காலில் ஒரு முறையும் வெளிக்காலில் ஒரு முறையும் சந்திப்பைக் கடக்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு முகங்கள். பங்கு போட்டால் ஒரு முகத்துக்கு 9 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு. உள்ளங்கை மெத்தென்று இருப்பது. அதில் தாளை வைத்துத் தேய்த்தால் ஓரம் கூடுதலாகவும் நடு குறைவாகவும் தேயும். முகம் தோசைக்கல்லின் அடி மாதிரி வளைந்துவிடும். பளபளப்பு வந்திருக்கும், தட்டை போயிருக்கும். கோரின் பொருளுக்கு எதுவும் ஆகவில்லை.

ஊடுருவுதிறன் உயர உயர இது இன்னும் கொடுமை. 10,000 உள்ள ரகத்தில் இதே அளவுக் கோருக்கு 20 மைக்ரான் காற்று நுழைந்தாலே, கைக்கு வருவது 3,300 அளவுதான். அதனால்தான் அந்த ரகங்களை அரைத்ததோடு விடாமல் மெருகுத் தட்டிலும் தேய்ப்பார்கள். வளையக் கோர்களில் சந்திப்பே இல்லை, அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இது ஏன் எனக்கு இவ்வளவு மனத்தில் பதிந்தது என்று சொல்கிறேன். நான் பிறந்தது தேவனாம்பட்டினம். அப்பாவின் டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்காத நாள் கிடையாது. ஒரு நாள் அதைக் கீழே போட்டு உள்ளிருந்த ஃபெரைட் தண்டை இரண்டாக உடைத்துவிட்டேன். பயந்துபோய்ப் பசை வைத்து ஒட்டினேன். காயிலைச் சற்று நகர்த்தியதும் பாட்டு வந்துவிட்டது, அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. உடைந்த ஃபெரைட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாதம், உடைந்த ஈ கோரை அதேபோல் ஒட்டி மீட்டரில் வைத்தபோதுதான் நம்பிக்கை உடைந்தது. தண்டில் காந்தக் கோடுகள் எப்படியும் முனையிலிருந்து முனைக்கு வெளிக்காற்றில் சுற்றித்தான் வருகின்றன. அவ்வளவு காற்றோடு ஒரு பசை அளவு சேர்ந்தால் தெரியாது. மூடிய கோரில் பாதை முழுக்க ஃபெரைட். அங்கே நுழைகிற ஒவ்வொரு மைக்ரானுக்கும் கணக்கு உண்டு.

உங்கள் கோர்களை மீட்கலாம். கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று வாங்குங்கள். சிலிக்கான் கார்பைடு தூள் 600 எண், 1000 எண் இரண்டும் வேண்டும். இன்ஜின் வால்வு தேய்க்கும் பசையை வாங்கிவிடாதீர்கள். அதில் கிரீஸ் கலந்திருந்தால் கழுவினாலும் போகாது. மூன்று கால்களின் முகத்திலும் தையல்காரர் வைத்திருக்கும் வெள்ளைப் பென்சிலால் குறுக்குக் கோடு போடுங்கள். கண்ணாடியில் தூளும் தண்ணீரும் கலந்து, கோரை இரண்டு விரலால் மட்டும் லேசாகப் பிடித்து, எட்டு எழுதுவதுபோல் நகர்த்துங்கள். 20 முறைக்கு ஒரு தடவை கோரைத் திருப்பிப் பிடியுங்கள். மூன்று கால்களிலும் வெள்ளைக் கோடு ஒன்றாக மறைந்தால் தளம் ஒன்றாகிவிட்டது என்று பொருள். ஒரு காலில் மட்டும் கோடு நின்றால் இன்னும் வேலை இருக்கிறது. மூன்றும் சேர்ந்து குறைவதால் நட்டம் எதுவும் இல்லை. பிறகு 1000 எண்ணில் கொஞ்சம். ஓடும் தண்ணீரில் நைலான் தூரிகையால் கழுவி, ஆல்கஹால் துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். அவசரத்துக்காக ஈரக் கோரைச் சூட்டில் திடீரென்று வைக்க வேண்டாம். ஃபெரைட் பீங்கான் இனம். வேகமாகச் சூடேற்றினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், அதுவும் காற்றிடைவெளிதான்.

இரைச்சலுக்குக் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன். 50 கிலோஹெர்ட்ஸ் காதில் கேட்காது. சுமை இல்லாதபோது சார்ஜர் விட்டு விட்டு ஓடும், அந்த விட்டு விடுதல்தான் காதுக்கு எட்டும். முகம் சரியாக உட்காராத பாதிகள், துருவால் பிடிப்பு இழந்த கிளிப், இரண்டும் சேர்ந்து ஒன்றோடு ஒன்று தட்டுகின்றன.

லாஸ்பேட்டை வடிவமைப்பு

ஐயா சொன்னது அத்தனையும் சரி. வாடிக்கையாளரிடம் பேசும்போது உதவட்டும் என்று ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த 3.8 மில்லிஹென்றியால் கோர் கூடுதலாகச் சூடாகிவிடாது. கோரின் இழப்பைத் தீர்மானிப்பவை மின்னழுத்தம், சுற்று எண்ணிக்கை, அதிர்வெண், குறுக்குப் பரப்பு. உங்கள் அமைப்பில் உச்சக் காந்தப்பாய அடர்த்தி (கோருக்குள் காந்தக் கோடுகளின் நெருக்கம்) ஏறக்குறைய 115 மில்லிடெஸ்லா. இடைவெளி கூடினாலும் அது மாறாது. மாறுவது காந்தமாக்கும் மின்னோட்டம், உச்சம் 0.13 ஆம்பியரிலிருந்து 0.21-க்குப் போயிருக்கும். சார்ஜர் எரிந்துபோகும் அளவல்ல. ஆனாலும் அவர் திருப்பி அனுப்பியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். முகம் உட்காரவில்லை என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க அவரிடம் இருக்கும் ஒரே வழி அந்த 5 என்ற எண்தான்.

இந்த ரகம் தொட்டால் சுடுகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பிசி40 சூட்டில் வேலை செய்வதற்கென்றே கலக்கப்பட்டது. 100 கிலோஹெர்ட்ஸ், 200 மில்லிடெஸ்லாவில் அதன் இழப்பு 25 டிகிரியில் கன மீட்டருக்கு 600 கிலோவாட், 60 டிகிரியில் 450, 100 டிகிரியில் 410. சூடாகச் சூடாக இழப்பு குறைகிறது. 100-ஐத் தாண்டினால் மறுபடி ஏறும், அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். செறிவு எல்லையும் (கோர் தாங்கக்கூடிய உச்சக் காந்தப்பாய அடர்த்தி) 510 மில்லிடெஸ்லாவிலிருந்து 100 டிகிரியில் 390-க்கு இறங்கிவிடும்.

கோரை ஒட்டுவதாக இருந்தால் பசையை முகத்தில் தடவாதீர்கள். இணைப்பின் வெளிப்பக்கத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு போதும்.

நெல்லிக்குப்பம் ரிப்பேர்

ஐயா, என் வேலையில் நேர்மாறு. பழைய டிவி, அடாப்டர்களில் வரும் ஃப்ளைபேக் மின்மாற்றிகளில் இடைவெளி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். கோர் உடைந்து வேறு மாட்டும்போது நான் மூன்று கால்களுக்கும் காகிதம் வைத்துவிடுகிறேன். அது சரியா?

அரவைப் பிரிவு (ஓய்வு), முத்தியால்பேட்டை

தம்பி, ஓடும். ஃப்ளைபேக்கில் ஆற்றல் தங்குவதே அந்த இடைவெளியில்தான். மூன்று காலுக்கும் காகிதம் வைத்தால் பாதை இரண்டு முறை கடக்கிறது என்பதை மறக்காதீர்கள், 0.5 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் காகிதம் 0.25 தான் இருக்க வேண்டும். ஆனால் வெளிக்காலில் இடைவெளி விட்டால் காந்தக் கோடுகள் அங்கே வெளியே பிதுங்கிப் பக்கத்துச் சுற்றுகளில் இரைச்சலைக் கிளப்பும். நடுக்காலை மட்டும் அரைத்த கோர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அங்கேயும் இடைவெளிக்கு நேர் மேலே செம்புக் கம்பி ஒட்டி இருக்கக் கூடாது. பிதுங்கும் கோடுகள் அந்த இடத்துக் கம்பியை மட்டும் சுட்டுவிடும். கோர் குளிர்ந்திருக்க, கம்பியின் எனாமல் ஒரே ஒரு வளையமாகக் கறுத்திருந்தால் காரணம் அதுதான். பலர் கம்பியைக் குறை சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

முதுநகர் காயில் பட்டறை

ஐயா, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கண்ணாடியும் தூளும் வாங்கிவந்து முதல் நாள் நான் ஒருத்தியே நான்கு ஜோடி தேய்த்தேன். வெள்ளைக் கோடு வெளிக்கால்களில் கடைசிவரை நின்றது. நீங்கள் சொன்ன தோசைக்கல் வளைவு வெளிக்காலில் எவ்வளவு என்று அப்போது கண்ணாலேயே தெரிந்தது. முதல் ஜோடியை மாட்டி மீட்டர் 5.7 காட்டியபோது அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவள் தன்னால்தான் போயிற்று என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு மூவருமாக உட்கார்ந்தோம். 60-இல் 54 ஜோடி 5.4-க்கும் 5.9-க்கும் இடையில் வந்துவிட்டன. நான்கு, தேய்க்கும்போது மூலை பெயர்ந்து போயின. மீதி இரண்டு எத்தனை தேய்த்தாலும் 4.7-ஐத் தாண்டவில்லை. கிளிப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டேன். கோர் தனி டப்பா, கிளிப் தனி டப்பா, இரண்டும் முன்கட்டில். அந்த இரண்டு ஜோடிக்கு மட்டும் என்ன செய்வது?

அரவைப் பிரிவு (ஓய்வு), முத்தியால்பேட்டை

மிகுந்த மகிழ்ச்சி அம்மா. கையால் 5.9 எடுத்திருக்கிறீர்கள், அது எளிதான காரியமில்லை.

அந்த இரண்டையும் இனித் தேய்க்க வேண்டாம். மீட்டரில் இணைத்தபடியே இரண்டு பாதிகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் எண் ஏறி, விட்டால் இறங்குகிறது என்றால் கிளிப்பில் குறை. அழுத்தினாலும் அசையவில்லை என்றால் பாதிகளுக்கு நடுவில் வேறு எதுவோ தடுக்கிறது. பாபினைக் கழற்றிவிட்டு வெறும் கோரை மட்டும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெறும் கோர் நன்றாக மூடினால் குற்றம் பாபினில் இருக்கிறது.

முதுநகர் காயில் பட்டறை

ஒன்றில் கிளிப் தளர்வு, மாற்றியதும் 5.5. இன்னொன்றில் பாபினின் விளிம்பில் பிளாஸ்டிக் பிசிர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்து, கோரின் உட்புறத்தில் முட்டிப் பாதிகளைச் சேரவிடாமல் தடுத்திருக்கிறது. பிளேடால் சீவினேன், 5.6. நாளை 56-ஐயும் புதுச்சேரிக்கு எடுத்துப்போகிறேன். உடைந்த நான்குக்குப் புதிய கோர் வாங்கிச் சுற்றிக் கொடுப்பதாக அவரிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார்.